பின்னால் கட்டிய கை

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் பனியன் கம்பெனியின் சின்ன முதலாளி தரணீதரன் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தாராம். காலையில் சூப்பர்வைசர்களை வரிசையாக நிறுத்தி, "ஏனுங்க, இனிமே தையல் லைன்ல நடக்கறப்ப எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கோணுங்க. அப்பத்தான் ஒரு கெத்துங்க" என்றார். பதினாறு வருஷ சூப்பர்வைசர் வேலையில் எனக்கு வராத கெத்து!

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பிரபாகர் பாத்திரம் கழுவினார். பார்க்கப் பார்க்க என் கை தானாகத் தேய்க்கிறது. வடச்சட்டியின் அடியை விட்டுவிட்டார். பிடுங்கினேன். சண்டை.

ஜூன் 6, வெள்ளி

புதுப்பெண் இந்துமதி நாற்பது டீ-ஷர்ட்டில் ஸ்லீவின் உள்பக்கம் வெளியே தெரிய ஓவர்லாக் தையல் அடித்துவிட்டாள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. ஒன்றும் உறைக்கவில்லை. முன்பெல்லாம் யாராவது துணியைத் தப்பாக எடுத்ததுமே என் விரல் துடிக்கும், கத்திவிடுவேன்.

ஜூன் 7, சனி

இன்று அறுபது டீ-ஷர்ட் வீண். "திங்கக்கெழமைலிருந்து நீங்க பேக்கிங் போயிருங்கக்கா" என்றார் சின்ன முதலாளி. கவர் போடவா சூப்பர்வைசர் ஆனேன்? என் கண்ணுக்கு என்ன கேடு வந்துச்சு?

ஜூன் 8, ஞாயிறு

கண் டாக்டர் பார்வையில் பழுதில்லை என்றார். வெளியே சீட்டுக்குக் காத்திருந்தபோது எதிரே நர்ஸ் பஞ்சு சுருட்டினாள். மடியில் கிடந்த என் விரல்களும் சுருட்டின. கையைப் பின்னால் கட்டிப் பார்த்தேன் — விரலில் ஒன்றுமில்லை. சும்மா ஒரு நர்ஸ்.

அட!

ஜூன் 9, திங்கள்

பேக்கிங் பக்கம் போகவில்லை. நேராகச் சின்ன முதலாளியிடம் போனேன். "ஒரே ஒரு தடவை, துணி புடிக்கறாப்பல கையை முன்னால நீட்டிட்டு இந்துமதியைப் பாருங்க சார்" என்றேன். அவரும் பள்ளிக்கூட லீவில் இதே லைனில் ஓவர்லாக் அடித்தவர்தான். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காற்றைப் பிடித்தார். மூன்றாவது நிமிஷம் அலறினார்: "கண்ணு, நிறுத்து! பொரட்டிப் போடு!"

அந்த ஸ்லீவுக்கு இந்துமதி இன்னும் பெடலை மிதிக்கவே இல்லை.

"பேக்கிங் வேண்டாமுங்கக்கா" என்றார். நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

புதுப் பலகை மாட்டிவிட்டார்கள்: "சூப்பர்வைசர்கள் காற்றைப் பிடித்தபடியே நடக்கவும்." ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வந்த நேரம், ஆறு பேர் கையை நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். ஏதோ வழிபாடு என்று நினைத்தாரோ என்னவோ, ஷூவைக் கழற்றிவிட்டு அவரும் கையை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வாரமாக ஒரு ஸ்லீவ்கூடத் தப்பாகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பிரபாகர் பாத்திரம் கழுவினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

"ஏம்புள்ள, இன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லலியா?"

"நல்லாத்தான் கழுவறீங்க" என்றேன்.

வடச்சட்டியையும் கழுவினார் போலிருக்கிறது.