பதினான்காம் கட்டிலுக்கு எழுதிய வரி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. சித்தூர் முழுக்க மாம்பழ வாடை. மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை, அதனால் பஸ் அரை மணி லேட். திருப்பதி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் சூப்பர்வைசரிடம் திட்டு.

வாங்க வேண்டியது: ரீஃபில், நைனாவுக்கு பி.பி. மாத்திரை, வெள்ளை சாக்ஸ்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைப் பரீட்சைக்கு கிளாஸ் எடுக்கும் பிரசாத் சார் கொடுத்த வீட்டுப்பாடம்: துணை செய்வதற்கு இங்கிலீஷில் உள்ள சொற்கள். வித்தியாசம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்த வாக்கியம்.

ஹெல்ப் – எதற்கும் பொருந்தும். கதவைத் திறந்துவிட்டாலும் ஹெல்ப், உயிரைக் காப்பாற்றினாலும் ஹெல்ப்.
அசிஸ்ட் – வேலை அவருடையது. நான் கூட இருந்து கொஞ்சம் செய்கிறேன். ஒத்தாசை.
சப்போர்ட் – எடையைத் தாங்குவது. கைத்தாங்கல். நான் விலகினால் அவர் விழுவார்.

மூன்றாவதற்கு வாக்கியம் வரவில்லை. பதினான்காம் கட்டில் நாகராஜன் ஐயா ஞாபகம். அவர் இறந்து மூன்று வாரம்.

ஜூன் 10, செவ்வாய்

பதினான்கில் இப்போது வேறு ஆள், கால் எலும்பு முறிவு. கட்டிலை விட்டு இறங்கவே முடியாதவர். ஆனாலும் மத்தியானம் அங்கிருந்து ரப்பர் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. நாகராஜன் ஐயா பக்கவாதத்தில் வலது காலை இழுத்து நடப்பார். சத்தம் பாத்ரூம் வாசல் வரை வந்து நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை.

நடந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அன்று மத்தியானம் மூன்று மணி. அவர் சம்சாரம் கஸ்தூரியம்மா கவுண்ட்டருக்கு வந்தாள். "பாத்ரூம் போணும்ன்றாரு. கொஞ்சம் புடிச்சிக்கினு போம்மா. நான் கீழ போய் மாத்திர வாங்கியாந்துர்றேன்."

"நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

கேஸ் ஷீட் கையில் இருந்தது. வழக்கம்போல முதலில் எழுதிவிட்டேன்: மூன்று மணி, கழிவறைக்கு அசிஸ்ட் செய்யப்பட்டு, திரும்பப் படுக்கவைக்கப்பட்டார். எங்கள் வார்டில் எல்லோரும் அப்படித்தான். எழுதிவிட்டுத்தான் செய்வோம். இல்லாவிட்டால் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாது, எழுதிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

பேனாவை மூடும்போது ஒன்பதாம் கட்டிலில் சலைன் ஊசி பிடுங்கிக்கொண்டு ஒரே ரத்தம். அங்கே ஓடினேன். திரும்பி வந்தால் ஐயா பாத்ரூம் வாசலில் கிடக்கிறார். தலையில் அடி. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

ஷீட்டைப் படித்தவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிஸ்டர் ஒரு முறை கூட்டிப்போய்ப் படுக்கவைத்திருக்கிறாள், மறுபடி அவராகவே எழுந்திருக்கிறார், பக்கத்தில் பெண்டாட்டி இல்லை. பழி கஸ்தூரியம்மா தலையில். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்க்கு என்ன இங்கிலீஷ் பரீட்சை வேண்டிக்கிடக்கிறது?

ஜூன் 11, புதன்

கூட வேலை செய்யும் லதாவிடம் மட்டும் சொன்னேன். பதறிவிட்டாள்.

"அடிப்பாவி, வாயத் தொறக்காத. எல்லாருந்தான் முன்னாடியே எழுதறோம். நீ சொன்னா எங்க எல்லார் வேலையும் போவும். யாராச்சும் கேட்டா நீ கூட்டிக்கினு போனத நான் பாத்தேன்னு சொல்றேன், போ."

நல்லவள்தான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

லீவு. சித்தூரில் கிளாஸ். ஃபேன் ஓடவில்லை.

எய்ட் – வெள்ளம் வந்தால் அரசாங்கம் கொடுப்பது. ஊன்றுகோலும் எய்ட்தான்.
பேக் – முதுகுக்குச் சொல்லும் அதே சொல். சண்டையில் நம் பக்கம் நிற்பது.
அபெட் – தப்புக்குத் துணை போவது. "மஞ்சி பனிகி ஈ மாட்ட வாடரு, அர்த்தமயிந்தா?" என்றார் சார். நல்ல காரியத்துக்கு இந்தச் சொல்லைப் போடமாட்டார்களாம்.

வாக்கியத்தில் லதா பெயரை எழுதி உடனே அடித்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

ஜூன் 13, வெள்ளி

கஸ்தூரியம்மா இறப்புச் சான்றிதழ் விஷயமாக வந்தாள். என்னைத் தேடி வார்டுக்கே வந்துவிட்டாள், பை நிறைய மாம்பழத்தோடு. இளைத்துப்போயிருக்கிறாள்.

"பெரியவன் என்கிட்ட பேசறதில்லம்மா. அந்த நேரத்துல கீழ போவாட்டி என்னான்றான். மருமவ தட்டு வெக்கறா, மூஞ்சிய பாக்கறதில்ல. நீ மட்டும் புண்ணியவதி. அவர புடிச்சிக்கினு போய் வந்து படுக்க வெச்சியே."

என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஐயோ, அந்த நிமிஷம் செத்திருக்கலாம்.

பழத்தை லதா அறுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். என் துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 14, சனி

பஸ்ஸில் செருப்புச் சத்தம். பட்டப்பகலில், அத்தனை கூட்டத்தில்.

சொன்னால்: வேலை போகும். அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. வெளிநாடு அவ்வளவுதான். நைனா ஊர் பூராவும் என் பொண்ணு ஃபாரின் போறான்னு சொல்லி வைத்திருக்கிறார்.
சொல்லாவிட்டால்: கஸ்தூரியம்மா தினமும் மருமகள் வைக்கும் அந்தத் தட்டில் துன்னணும்.

சாக்ஸ் மறந்துபோச்சு.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே கஸ்தூரியம்மா வீட்டுக்குப் போனேன். ஃபேக்டரிக்குப் பின்னால் இரண்டாம் தெரு. மகன் கடைக்குப் போயிருந்தான். தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல், நின்றபடியே சொன்னேன்.

"ஷீட்ல எழுதினது பொய்மா. நான் அவர தொடவே இல்ல. மொத வாட்டியே அவரு தனியாதான் எழுந்து போயிருக்காரு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ என்மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா. என்மேலதான்."

"பெரியவன் வந்தா அவங்கிட்ட சொல்லுவியா?"

"சொல்றேன். ஆஸ்பத்திரியிலயும் சொல்றேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "கடசியா ஒருத்தி கையப் புடிச்சிக்கினு நடந்தாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எனுக்கு அது ஒன்னுதான் இருந்திச்சி" என்றாள்.

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உன்ன கூப்ட்டாரா?"

இதை இதுவரை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

"கூப்ட்டாரு. ரெண்டு வாட்டி. இன்னொரு கட்டிலாண்ட இருந்தேன், தோ வரேன்னு சொன்னேன்."