ரவி வரும்வரை இலை போடமாட்டேன்

என் காமாட்சிக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. என்னை ரவியப்பா என்று கூப்பிட இங்கே யாருமில்லை. எனக்குத்தான் எழுத்து வராதே. நான் சொல்ல, நம் ரவியே இதை எழுதுகிறான்.

போன மாதம் அவனுக்கு மூன்றாவது வேலையும் போயிற்று. ஒரு வீட்டில் வயரிங் பாதியில் கிடக்க, பக்கத்து வீட்டு ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தானாம். மருமகள் அவனைக் கண்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று சொல்ல, பெற்றவர்களில் யாராவது வரவேண்டுமென்றார்கள். நீ இல்லை. இரத்தோட்டையிலிருந்து நான்தான் பஸ் ஏறினேன்.

நான் எதை மறந்தேன்? மிளகு பறிக்க ஏணியில் ஏறியவன் பாதிக் கொடியோடு இறங்கி ஓணான் பின்னால் போனது, பள்ளிக்கூடத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தது, எல்லாவற்றையும் கிழமையோடு சொன்னேன். கடைக்கு அனுப்பும்போது மறக்காமலிருக்க, அவன் சட்டை நுனியில் முடிச்சுப் போட்டுவிடுவாயே. வெறுங்கையோடு திரும்பிவந்து, "இது எதுக்கும்மா முடிச்சு?" என்று உன்னிடமே கேட்பான். நீ சிரிப்பாய். நான் பிரம்பை எடுப்பேன். அதையும் சொன்னேன்.

அவனைத் திட்டுவதற்கென்றே மறக்காமல் வைத்திருந்தவை அவை. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "ஐயா, இது அசட்டை இல்லீங்க. பொறந்ததுலருந்தே இருக்கிற கவனக் குறைபாடு. அவர் வேணும்னு செய்யல," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நாப்பத்திரண்டு வயசுல பேர் வச்சிருக்காங்கப்பா," என்று சிரித்தான் ரவி.

டாக்டரம்மாவிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

நீ போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கேட்டாய், "ரவி வந்துட்டானா?" என்று. அவனும் பதறித்தான் கிளம்பினான். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன், ஸ்டார்ட் ஆகாமல் நின்ற யாருடைய திரீவீல் ஆட்டோவையோ பழுதுபார்க்கக் குனிந்துவிட்டான். கையெல்லாம் கிரீஸோடு வந்து சேர்ந்தபோது, நீ போய் ஒரு மணி நேரம். மறுநாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்க, "பெத்தவளவிட திரீவீல் பெருசாப் போனவன் கொள்ளி வைக்க வேணாம்," என்றேன். ஒற்றை மகன் உயிரோடு நிற்க, கொள்ளிக்குடத்தை உன் அண்ணன் மகன் தோளில் வைத்தேன். ரவி எல்லோருக்கும் பின்னால், கிரீஸ் போகாத கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து நின்றான்.

இதைச் சொல்லும்போது அவன் பேனா நின்றது. எழுந்து வெளியே போனான். பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்து, "எங்கப்பா விட்டோம்?" என்றான்.

"கொள்ளி வைக்க வேணாம்னு நான் சொன்ன எடத்துல. நான் செஞ்சது தப்புன்னும் எழுது," என்றேன்.

எழுதினான்.

காமாட்சி, அவன் எப்படியும் வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டுதானா கண்ணை மூடினாய்? டாக்டரம்மா சொன்னது உனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? அதனால்தான் அடிக்காமல் முடிச்சுப் போட்டாயா?

வரும் தையில் உன் திவசத்துக்கு ரவிதான் உட்காருவான். ஐயர் சொன்ன நேரம் தப்பினாலும், அவன் வரும்வரை இலை போடமாட்டேன். நான் போகிற அன்றைக்கும், அவன் வந்து சேராமல் என்னைத் தூக்கக்கூடாதென்று மருமகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை மணியானாலும் கிடப்பேன்.

உன்
ரவியப்பா