செம்பாக்கத்தில் இறங்கிய வாசகர்

இன்று காலை உன் வலைப்பூவுக்கு ஒரு பின்னூட்டம் வந்தது. ஒரே சொல்தான்: "செம்பாக்கம்."

எழுதியவர் பெயர் போடவில்லை. எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியவில்லை. வலைப்பூவைத் திறந்த அன்றே நீ என்னையும் அதில் சேர்த்துவிட்டதால், யார் என்ன எழுதினாலும் என் போனுக்குத் தகவல் வரும். நீ போன பிறகு வந்தவை பெரும்பாலும் கடன் வேண்டுமா, எடை குறைக்க வேண்டுமா என்று கேட்கும் விளம்பரங்கள். பார்க்காமலே அவற்றை அழிக்கப் பழகிய விரல், இந்தச் சொல்லுக்கு மேலே நின்றுவிட்டது.

செங்கல்பட்டில் நேற்றிலிருந்து மழை விடவில்லை. கடலோரத்துக்குக் கனமழை என்று அறிவித்திருக்கிறார்கள். இப்படியொரு நாளில் யாரோ ஒருவர் உன் ஏரிப் பதிவைத் தேடிப் போய்ப் படித்திருக்கிறார். பாதியில் நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதையும் நம் முறைப்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வீட்டருகே இப்போது தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ என்ற கவலையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்திரிகையில் நான் செய்தி அனுப்புகிறவன், நீ அதை வெட்டுகிறவன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் சுருங்கினால் செய்தியின் அடியிலிருந்துதான் கத்தரி வைப்பார்கள். அதனால் முக்கியமானது மேலே இருக்க வேண்டும். இதை எனக்குப் போனில் கத்திக் கத்தியே புரியவைத்தாய். "யோவ், யாரு செத்தா, எங்க செத்தா, அத்த மொதல்ல சொல்லுய்யா. மானம் கறுத்துச்சு, காத்து அடிச்சிச்சுன்னு கத வுடாத." நான் ஆசையாக எழுதிய கடைசிப் பத்தி ஒன்றுகூட அச்சில் வந்ததாக நினைவில்லை.

நம் அலுவலகத்தை மூடிய பிறகு, படூரில் ஒரு கல்லூரிக்கு மெய்ப்புப் பார்க்கப் போய்வந்தாய். அந்த நாட்களில்தான் வலைப்பூவைத் தொடங்கினாய். பெயரைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்: 'கடைசிப் பத்தி'.

"சிரி, சிரி. இங்க எவனும் அடியில கை வைக்க முடியாதுய்யா" என்றாய்.

கை வைக்கவில்லைதான். ஆனால் கண் வைக்கவும் ஆள் இல்லை. நெடுநாள் வரை வாசகன் நான் ஒருவனே. பதிவு ஏறியவுடன் உன் போன் வந்துவிடும். "இன்னாய்யா, பட்ச்சியா?" நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். "நல்லா கீதுன்னா நீ படிக்கலன்னு அர்த்தம். எங்க வுட்ட, அத்த சொல்லு." ஆயுள் முழுக்க ஊரார் எழுத்தை வெட்டியவன், தன் எழுத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு பேருந்தில் ஆள் பிடிக்கத் தொடங்கினாய். செங்கல்பட்டிலிருந்து காலையில் சிறுசேரிக்குப் போகும் பேருந்து. வல்லம், செம்பாக்கம், திருப்போரூர், தையூர், கேளம்பாக்கம், படூர், சிறுசேரி. துப்புரவு மேற்பார்வையாளர்கள், காவலாளிகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் எல்லாம் ஏறும் வண்டி. பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் போனில் உன் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிடுவாய். "படி. ஆனா நல்லா கீதுன்னு மட்டும் சொல்லாத. இந்தக் கட்டுரை ஒரு பஸ்ஸுன்னா நீ எந்த ஸ்டாப்பிங்ல எறங்கின, அத்த மட்டும் சொல்லு."

"வல்லத்துலயே எறங்கிட்டேன் சார். செம போர்."

"ஏன் எறங்கின?"

"ஒரு சென்டன்ஸே பஸ்ஸு மாதிரி நீளமா கீது சார்."

நீ கோபப்படவில்லை. அடுத்த பதிவில் வாக்கியங்கள் சிறுத்தன. கொஞ்ச நாளில் பின்னூட்டப் பகுதி முழுக்க ஊர்ப்பெயர்களாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் முதலில் குழம்பினார்கள், பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். துபாயில் கிரேன் ஓட்டும் ஒருவர், இந்த வழித்தடத்தைக் கண்ணால் பார்க்காதவர், "இந்த முறை தையூர் வரை வந்தேன் சார்" என்று எழுதினார். அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

உன் வாசகர்களில் எஸ்தரிடம்தான் உனக்குக் கொஞ்சம் பயம். கருங்குழியில் பிறந்து, படூர்ப் பக்கம் தாழ்வான ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தவள். சிறுசேரியில் துப்புரவு மேற்பார்வை. ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலைகளில் செங்கல்பட்டில் உன் வண்டியில் ஏறுவாள். மற்ற நாட்களில் வேலைக்குப் போகும் வழியில் போனில் படிப்பாள். அவள் கணவர் தாஸ் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். நீ எழுதியது பிடிக்காவிட்டால் எஸ்தர் முகத்துக்கு நேராகச் சொல்வாள். "இன்னா சாரு, இன்னிக்கி வண்டி டிப்போவ வுட்டே கெளம்பல."

அவள்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, தெருவுக்குப் பின்னால் லாரி லாரியாக இடிபாட்டைக் கொட்டுகிறார்கள் என்றாள். நீ கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஏரி நிரம்பினால் வழியும் கலங்கலிலிருந்து உபரிநீர்க் கால்வாயின் கரையோடு நடந்தே போய்ப் பார்த்தாய். கால்வாய் வளையும் இடத்தில் அடைத்திருந்தார்கள். ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகாது, எஸ்தரின் தெருவுக்குள் திரும்பும். அதைத்தான் எழுதினாய். மழை தொடங்கிய மாலையில் பதிவு ஏறியது.

மறுநாள் காலை நான் மாமல்லபுரத்தில் இருந்தேன். கடல் சீற்றம். படகுகளைச் சாலைவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உன் பதிவைத் திறந்தேன். கொக்குகள். கலங்கல் ஓரத்தில் விடியலில் நிற்கும் கொக்குகள். அழகாகத்தான் எழுதியிருந்தாய். ஒரு கொக்கு காலை மாற்றி வைப்பதற்கே ஒரு பத்தி. உன் எழுத்து என்பதற்காகவே தொடர்ந்து படித்தேன். கடைசிப் பத்தியில், கொக்குகளெல்லாம் பறந்துபோன பிறகு, அடைப்பையும் தெருவையும் சொல்லியிருந்தாய்.

உடனே கூப்பிட்டேன். நீ பேருந்தில் இருந்தாய்.

"எங்க எறங்கின?" என்றாய், எடுத்தவுடனே.

"கடைசி வரைக்கும் வந்தேன்யா. ஆனா மத்தவன் எல்லாம் கொக்கைப் பார்த்துட்டு எறங்கிப் போயிருப்பான். தண்ணிய மேல தூக்கி வையி."

"காலமெல்லாம் மேல தூக்கி வெச்சுத்தான்யா பொழச்சேன். இங்கியாவது என் இஷ்டத்துக்கு எழுத வுடு."

மேலே பேச மனமில்லாமல் வைத்துவிட்டேன். அடுத்து, எனக்குத் தெரிந்த, ஏரியில் பணியில் இருந்த பாசன ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டேன். "காலைலேர்ந்து கலங்கல்ல தண்ணி போவுது சார். வரத்து கொறையவே இல்ல." மறுபடி உன்னைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதைச் சொன்னேன். பின்னால் மழைச் சத்தமும் கண்டக்டரின் விசிலும் கேட்டன. பிறகு மெதுவாகச் சொன்னாய்: "எஸ்தரு கமென்ட் போட்டுக்கீது. திருப்போரூர்."

அந்தத் தெருவில் குடியிருப்பவள், பாதியில் இறங்கி வேலைக்குள் போய்விட்டாள். போனைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் அவர்கள் மாடிக்குப் போக வேண்டும். தாஸின் எண் உன்னிடம் இல்லை. வீட்டு எண்ணும் தெரியாது. தரைத்தளம் என்பது மட்டும் தெரியும். அவரால் கட்டிலை விட்டு எழ முடியாது என்பதும் தெரியும்.

பூஞ்சேரி வழியாக நான் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, உன் பேருந்து திருப்போரூரிலேயே நின்றிருந்தது. தையூரில் சாலைக்கு மேல் தண்ணீர், அதற்கு மேல் போகாது என்றார்கள். இரண்டு சக்கர வண்டியையும் விட மறுத்தார்கள். நிழற்குடையின் கீழே, போனைப் பாலித்தீன் பைக்குள் வைத்து, பைக்கு மேலேயே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாய். கட்டுப்பாட்டு அறைக்குப் பேசிவிட்டதாகச் சொன்னாய். வரிசையில் வைத்திருக்கிறோம் என்றார்களாம்.

புது முதல் வரியைக் காட்டினாய். 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடியாகக் கவனிக்க வேண்டும்' என்றிருந்தது.

"அதிகாரி யாருய்யா இத்த படிக்கப்போறான்? எஸ்தர் பேரைப் போடு" என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் வேலையை உனக்கே நான் செய்த ஒரே தருணம் அது. வாதாடாமல் அழித்துவிட்டு எழுதினாய்: 'எஸ்தர், உன் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. சிறுசேரி வாசலில் இருப்பவர்கள் எஸ்தரிடம் சொல்லுங்கள். தெருவில் இருப்பவர்கள் தாஸைத் தூக்கி மாடியில் ஏற்றுங்கள்.' அதற்குக் கீழே அடைப்பு, தெரு, கால்வாயின் வளைவு. கொக்குகளை அடியில் கொண்டுபோய் வைத்தாய்.

"வெட்ட மனசு வர்லய்யா" என்றாய், நான் கேட்காமலே.

பதிவு ஏறியது. இருவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை. பைக்குள் ஆவி படிந்து எழுத்து மங்கியது. நீ சட்டையால் துடைத்தாய், சட்டையும் ஈரம். இத்தனை நாள் சேர்த்த வாசகர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று நினைத்திருப்பாய். நானும் அதையேதான் நினைத்தேன்.

முதல் பின்னூட்டம் வந்தது. உன் பேருந்து வாசகர்களில் ஒருவரான சிறுசேரிக் காவலாளி செல்வத்திடமிருந்து. "வல்லம்."

உன் முகம் சுருங்கிப்போனது. "மொத வரியிலயே எறங்கிட்டான்யா" என்றாய். போனை என் கையில் திணித்துவிட்டு நிழற்குடையை விட்டு மழைக்குள் போய் நின்றாய். தையூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். நடந்தே போய்விடுவாயோ என்று எனக்குப் பயம்.

அடுத்தது என் கையில் வந்தது. அதுவும் செல்வம்தான். உரக்கப் படித்தேன்: "வல்லத்துலயே எறங்கிட்டேன் சார். எஸ்தரக்காவ இட்டார மாடிக்கு ஓடிகினு கீறேன்."

நீ திரும்பி வந்து அதை நீயே ஒருமுறை படித்தாய். அதன் பிறகும் காத்திருப்பு நீண்டது. அந்தத் தெருவில் உனக்கு வாசகர் யாராவது இருக்கிறார்களா என்பதே உனக்குத் தெரியாது. இருந்தார். அதுவரை ஒரு சொல்லும் எழுதாமல் படித்து மட்டும் வந்த ஒரு பெண். அன்றுதான் முதல் முறையாக எழுதினார்: "தாஸ் அண்ணன தூக்கி மாடில வெச்சாச்சு. கட்டில் நனஞ்சிருச்சு. அவுரு நனயல."

நீ நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். நெடுநேரம் எழவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இருவரும் அவர்களைப் பார்க்கப் போனோம். தெருவில் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். தாஸ் மாடி வராந்தாவில் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "தன்னையே நாலு பேரு தூக்கினு போறத உசுரோட பாத்தவன் இந்த ஏரியாவுலயே நான்தான் சாரு."

எஸ்தர் சிரிக்கவில்லை. உன்னிடம் நேராக வந்தாள். "சாரு, நான் ஏன் திருப்போரூர்ல எறங்கினேன்னு கேக்கவே இல்லியே நீ?"

"ஏம்மா?"

"கொக்கு எனுக்குத் தெரியாதா? பொழுதினிக்கும் பாத்துகினுதான கீறேன். எனுக்குத் தெரியாதத நீ கடைசீல ஒளிச்சி வெச்சா, நான் இன்னா பண்ணுவேன்?"

அடைப்பை எடுக்க வைக்க அந்தத் தெருக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்ததும், நீ அதை விடாமல் எழுதியதும், கடைசியில் பொக்லைன் வந்ததும் பிறகு நடந்தவை. அன்று திரும்பும் பேருந்தில், திருப்போரூர் தாண்டியதும், நீ ஒன்று சொன்னாய்: "எங்க எறங்கினன்னு கேட்டது பத்தாதுய்யா. எறங்கி எங்க போனன்னும் கேக்கணும்."

அதன் பிறகு பின்னூட்டம் போடும் ஒவ்வொருவரிடமும் அதையும் கேட்டாய். பதில்கள் வேடிக்கையாக வரும். தூங்கப் போனேன், சண்டை போடப் போனேன், அம்மாவுக்குப் போன் செய்யப் போனேன். எல்லாவற்றுக்கும் நீ மறுமொழி எழுதினாய். இதயம் நின்ற அன்று காலைகூட யாருக்கோ எழுதிக்கொண்டிருந்ததாக உன் மகள் சொன்னாள்.

புதிதாக வலைப்பூ தொடங்கிய பிள்ளைகள் சிலர் இப்போது எனக்கு இணைப்பு அனுப்புகிறார்கள். எப்படி இருக்கிறது சார், ஆட்களை எப்படிச் சேர்ப்பது சார் என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று நான் யாருக்கும் எழுதுவதில்லை. எங்கே நிறுத்தினேன் என்று மட்டும் சொல்கிறேன். கூடவே, தங்கள் பதிவைப் பாதியில் மூடிய ஒருவரைப் பிடித்து, அவர் எங்கே போனார் என்று கேட்கச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பலர் அத்தோடு எனக்கு அனுப்புவதையே விட்டுவிடுகிறார்கள்.

இன்று வந்த பின்னூட்டத்துக்கு உன் பெயரிலிருந்து மறுமொழி எழுத எனக்குக் கை வரவில்லை. என் பெயரில்தான் எழுதினேன்: "இறங்கி எங்கே போனீர்கள்?" இதுவரை பதில் இல்லை. மழையும் குறையவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்றை எண்ணிக்கொள்கிறேன். நீ அன்று நிழற்குடையின் கீழே மாற்றி வைத்த பதிவில், தண்ணீர் எப்படித் திரும்பும், யாரை முதலில் தூக்க வேண்டும், எல்லாம் வல்லத்துக்குள் முடிந்துவிடுகிறது. இவர் செம்பாக்கம் வரை வந்திருக்கிறார். தெரிய வேண்டியது தெரிந்த பிறகுதான் இறங்கியிருக்கிறார்.

அதற்கப்புறம் அந்த வண்டியில் ஆள் இல்லை. கொக்குகளைப் பார்க்க நான் மட்டும் சிறுசேரி வரை போனேன்.