அக்காவுக்கும் சேர்த்து ஒரு ரத்தப் பரிசோதனை

மார்ச் 4
கடையில் இன்று ஒரு மூக்குக்கண்ணாடி லென்ஸை உடைத்துவிட்டேன். காலையில் டாக்டர் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்பத்திநாலு வயதில் குடல் புற்றுநோயில் போனார். அத்தையும் அதிலேயே. குடும்பத்தில் இறங்கி வருகிற வகையாக இருக்கலாம், ரத்தத்தில் மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். இருந்தால் வருஷாவருஷம் குடலுக்குள் கேமரா விட்டு, கட்டி முற்றுவதற்குள் எடுத்துவிடலாமாம். எனக்கு இரண்டு பிள்ளைகள். யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 6
இருக்கிறது. அக்கா.
எனக்குச் சில நிமிஷம் முன்னால் பிறந்ததால் அக்கா. அச்சு அசல் இரட்டையர் என்றால் ஒருத்தியின் ரிசல்ட்தான் இன்னொருத்திக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள், எதற்கும் அசராதவள். சொன்னதும் வேன் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.
"உனக்குக் குத்துற ஊசி எனக்கும் சேர்த்துதான்டி. எனக்குத் தெரிய வேண்டாம்."

மார்ச் 19
ரத்தம் கொடுத்துவிட்டேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான். என்ன வந்தாலும் தன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 16
இருக்கிறதாம். எனக்கு. அப்படியென்றால் —

ஏப்ரல் 20
சாப்பிட வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கை கழுவும்போது, தெரிஞ்சுபோச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கிருப்பதும் அவள் முகம்தானே. படிக்கத் தெரியாதா?

மே 9
எனக்குக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சின்னதாக இரண்டு கட்டி, அங்கேயே எடுத்தாயிற்று. கெட்டது இல்லை. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். நான் மட்டும் தப்பிச்சு என்னடி பண்றது, ஒரு தடவை வந்து பாரேன், உன் காலில் விழறேன்... என்னென்னவோ. நடுரோட்டில் நின்று அழுதேன்.
அவள் என்னை அழுது முடிக்கவிட்டாள். பிறகு, "ரொம்ப மாசமா ரத்தம் போகுது. மூலம்னு நினைச்சேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நினைச்சுக்கிட்டேன்."

மே 10
அப்போ மார்ச்சிலேயே அவளுக்குத் தெரியும்.

ஜூன் 2
அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்தது. குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். புற்று கல்லீரலுக்கும் போயிருக்கிறது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 7
பிளாஸ்க்கோடு வார்டுக்குள் நுழைந்தேன். புதிதாக வந்த நர்ஸ் பதறிப்போய், யாரைக் கேட்டு எழுந்து நடக்கிறீங்க, போய்ப் படுங்க என்று அதட்டினாள். கட்டிலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தையலைப் பிடித்தபடி மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.
"வா, படு. நான் போய் வேன் எடுக்கறேன்."
படுத்தேன்.