நீ ஊதச் சொன்ன தாள்

பாப்பா,

இன்று காலை கடையில் ஆம்லெட்டுக்கு முட்டை உடைத்தபோது, ஓட்டின் உள்சவ்வு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கல்லில் எண்ணெய் புகையும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கடை முட்டை ஓடுகளைத்தானே காலேஜ் லேபுக்கு மூட்டையாக அள்ளிப் போவாய்? அந்தச் சவ்வின் புரதத்தை, தலைமயிரை ஆயிரமாய்க் கிழித்தாற்போல நானோ இழையாக்கித் தாள் செய்தாய். ஊதினால், மூச்சு மோதும் அசைவிலேயே துளி கரண்ட் பிறக்கும். கிட்னி கெட்டு மூச்சில் அம்மோனியா ஜாஸ்தியானால் அந்தக் கரண்ட் மாறும். பேட்டரி வேண்டாம், ஊசி வேண்டாம், கிட்னிக் கோளாறைக் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும் என்பாய்.

எட்டாவது தாண்டாத நான் சும்மா இருப்பேனா? பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தின் காலடியில் உன் தாளை விரித்தால் அடுத்த ஊர் செங்கம் வரை விளக்கெரியும் என்று கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் அளந்துவிட்டேன்.

"மாமா, ஒரு கால்குலேட்டர் ஓடுறதே கஷ்டம். நீங்க ஏன் ஊருக்கே கரண்ட் குடுக்கிறீங்க?"

"குடுக்கிறதுதான் குடுக்கிறோம், கம்மியா ஏன் குடுக்கணும்?"

நோயில்லாத நாலு பேர் ஊத வேண்டும் என்று ஒருநாள் தாளோடு கடைக்கு வந்தாய். "சுகரு, கிட்னி, ஏதாச்சும் இருக்கா மாமா? உண்மையச் சொல்லுங்க." கடை நிறைய ஆள். "மலையையே ஓடிச் சுத்துற உடம்பு இது!" என்று நெஞ்சைத் தட்டிவிட்டு ஊதினேன். கிட்னி பாதி போய்விட்டது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. மாத்திரை கல்லாவுக்குள் இருந்தது. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

மற்ற மூவருக்கும் ஒரே மாதிரி ஓடிய கோடு எனக்கு மட்டும் எகிறியது. நீ என்னைச் சந்தேகப்படவில்லை, தாளைச் சந்தேகப்பட்டாய். புதிதாய்ச் செய்து வந்தாய். ஊதினேன். மறுபடியும் எகிறியது. "எங்கயோ தப்பு பண்றேன் மாமா" என்று அழுதாய். டீ போட்டுக் கொடுத்தேன். உண்மையை நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அன்று ராத்திரியே ஜுரத்தில் படுத்த நீ, உன் வேலை தோற்றது என்று நினைத்தபடியே நாலாம் நாள் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்ததும் என் கிட்னி ரிப்போர்ட்டோடு உன் புரொபசரிடம் போனேன். "மேடம், தாள் சரியாத்தான் காட்டிச்சு. நாந்தான் பொய் சொன்னேன்." அவர் உன் நோட்டைப் பிரித்தார். என் பெயருக்கு நேரே 'நலம்', பக்கத்தில் 'தாள் பழுது' என்று எழுதியிருந்தாய். பேனாவை என்னிடமே நீட்டினார்.

உன் எழுத்தை அடிக்கக் கை வரவில்லை. கீழே, 'தாள் பழுதில்லை, மாமாவுக்குத்தான் கிட்னி பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ அதைப் படிக்கப் போவதில்லை. இதில் எப்போதும்போல் கூட்டிச் சொல்ல மாமாவிடம் ஒன்றுமில்லை.