வாசல் பக்கத்து இடம்

மதினி,

பழைய கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போடலாமென்று இன்று காலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கீபோர்டில் அம்புக்குறிப் பொத்தான்களின் இடுக்கில் மட்டும் வெள்ளி நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடி. எவ்வளவு சோப்புப் போட்டாலும் உங்கள் விரலை விட்டுப் போகாத அதே பொடி. துணியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

விருதுநகர் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் நான் செய்த புராஜெக்ட் ஞாபகம் இருக்கிறதா? நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் நீங்கள் வேலை பார்த்த மருந்தறையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டினேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் திரையிலேயே உள்ளே நடந்து பார்த்து, எது எங்கே இருக்கிறதென்று பழகிக்கொள்ள வேண்டும். என்னைக் கம்பெனிக்குள் விடவில்லை. நீங்கள் சொல்லச் சொல்லத்தான் சுவரும் கதவும் எழும்பின.

பிறகு சோதனை. பொருள்களையெல்லாம் அழித்துவிட்டு வெறும் அறையைக் காட்டுவேன். எது எங்கே இருந்ததென்று நினைவிலிருந்து, அம்புக்குறியை அழுத்தி நகர்த்தி நீங்கள் திரும்ப வைக்க வேண்டும். தண்ணீர் வாளி, மணல் வாளி, மருந்துத் தட்டு எல்லாம் இம்மி பிசகாமல் வைப்பீர்கள். நீங்கள் உட்காரும் சாக்கை மட்டும் உள்மூலையில் வைக்காமல் வாசலோரத்தில் கொண்டுபோய்ப் போடுவீர்கள்.

“மதினி, மூலையிலதான உக்காருவேன்னு சொன்னீக?”

“வாசப்பக்கம் பழைய ஆளுகளுக்குத்தான் கெடைக்கும் கொழுந்தனாரே. அங்கனதான் காத்து வரும். உங்க கம்ப்யூட்டர்லயாச்சும் என்னைய காத்தாட உக்கார விடுங்க.”

ஒரு வாய்க் காற்றுக்குக்கூட அங்கே சீனியாரிட்டி. நினைத்தால் இப்போதும் எரிகிறது. அன்றைக்குச் சிரித்தேன். கிண்டலுக்கு அந்தச் சாக்கில் பச்சைச் சேலை கட்டிய பொம்மை ஒன்றையும் உட்கார வைத்தேன். பிழை திருத்த, வண்ணம் மாற்ற, சாருக்குக் காட்ட என்று தினமும் அந்த அறைக்குள் நடந்தேன். நுழைந்ததும் இடது கைப்பக்கம் நீங்கள்.

தீபாவளிச் சீசனில் ஒரு மத்தியானம் அந்த அறை வெடித்தது. நானும் அண்ணனும் ஓடினோம். மதிலுக்குள் புகைதான் தெரிந்தது. தன் மனைவி உள்ளே எந்த இடத்தில் உட்காருவாள் என்று அண்ணனுக்குத் தெரியாது. “எங்கனலே உக்காருவா?” என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டான்.

“வாசப்பக்கம்ணே. கண்டிப்பா வெளிய ஓடியிருப்பாக.”

பொய் சொல்லவில்லை மதினி. மூலை என் நினைவிலேயே இல்லை. நடந்து நடந்து பழகிய அறைதான் கண்முன் நின்றது. அண்ணன் உங்கள் பேரைச் சொல்லியும் நான் மதினி என்றும் கத்திக்கொண்டு மதிலுக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் தேடித் திரிந்தோம். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், திரும்பி வந்தோம். அவ்வளவு நேரமும் அண்ணன் முகத்தில் நம்பிக்கை இருந்தது. பொழுது சாயும்போது இடிந்து கிடந்த உள்மூலைச் சுவரைப் புரட்டினார்கள். மெட்டியை வைத்துத்தான் அண்ணன் உங்களை அடையாளம் சொன்னான்.

“வாசப்பக்கம்னு சொன்னியேலே,” என்றான். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இன்று என் கையில் கீபோர்டைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றான்.

“அந்த ரூம் இன்னும் இருக்காலே?”

“இருக்குண்ணே.”

“அவ?”

“வாசப்பக்கந்தான் இருக்காக.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

நிஜ மூலைக்கு உங்களை நகர்த்திவைக்க எத்தனையோ தரம் கண்ணை மூடிப் பார்த்துவிட்டேன். வர மாட்டேன் என்கிறீர்கள். கதவு திறந்து கிடக்கிற எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் இடது கைப்பக்கம்தான் போகிறது, மதினி.