வீங்கின பவர் பேங்க்கும் ஒரு வாளி மணலும்

துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வரும் கணவன் கிளெமென்றுக்கு, டெனிஷா சிரிப்பை அடக்க முடியாமல் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாள்:

“இஞ்சாருங்கோ, ‘ஒண்டும் ஆகாது’ எண்டு என்னோட சண்டை பிடிச்சுப்போட்டு நீங்கள் கட்டிலில சார்ஜுக்குப் போட்ட பவர் பேங்க், விடிய பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிக் கிடந்தது! சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு நைட்டியோட கீழ ஓடி, கட்டட வேலைக்காரரிட்ட ஒரு வாளி மணல் வாங்கினன். எல்லாரும் சிரிச்சவை. நெருப்புப் பிடிச்சாலும் பரவாம, இப்ப அது பல்கனியில மணலுக்குள்ள கிடக்கு. குத்திப் பார்க்கவேண்டாம், குப்பையில போடவேண்டாம். புகை வந்தா கிட்டப் போகாம வெளியில ஓடி, தீயணைப்புக்காரருக்கு, 110க்கு அடியுங்கோ. மீன்கறி சட்டியில இருக்கு.”

அடியில் நுணுக்கி நுணுக்கிச் சேர்த்தாள்: “வெண்டது நான்தான்! ஆனா உங்களோட பிடிக்க இன்னும் நிறையச் சண்டை இருக்கு. பத்திரமா இருங்கோ.”